எட்டு வாட்

கங்கப்பன் அண்ணன் செவிடு என்று நான் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். வரட்டும். நான் சொல்வது அவருக்குக் கேட்கப்போவதில்லை.

என் பேர் மாதேஷ். மத்திகிரியில் ஆட்டோ ஓட்டுகிறேன். கால்நடைப் பண்ணைச் சுவரைத் தாண்டி உள்ளே திரும்பும் சந்தில் வரிசையாக வாடகை வீடுகள். கடைசி வீடு அண்ணனுடையது, அதற்கு முந்தியது என்னுடையது. நடுவில் ஒரே சுவர். அவர் வீட்டில் மிளகாய் தாளித்தால் என் வீட்டில் தும்முவோம். அதனால் நான் சொல்வதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி அந்தச் சுவர் வழியாகக் கேட்டது.

அண்ணன் தொரப்பள்ளிக்காரர். அவருடைய அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி. அந்தக் குடும்பத்தில் முதலில் கம்பெனிச் சட்டை போட்டவர் இவர்தான். கார், லாரிகளுக்கு இரும்புத் தகட்டில் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனி, அதில் பிரஸ் ஷாப். தகட்டை வைக்க வேண்டியது, பட்டனை அழுத்த வேண்டியது, இருநூறு டன் பிரஸ் மேலேயிருந்து வந்து டம்மென்று இறங்கும். மறுபடி தகடு, மறுபடி டம். இருபத்தாறு வருஷம் இதுதான் பிழைப்பு. காதில் அடைத்துக்கொள்ள மஞ்சள் நிறத்தில் பஞ்சு கொடுப்பார்கள். அடைத்துக்கொண்டால் தகடு சரியாக உட்கார்ந்ததா என்று சத்தத்தில் தெரியாது, சூப்பர்வைசர் கூப்பிடுவதும் கேட்காது, கேட்காவிட்டால் திட்டு விழும். அதனால் ஆடிட் வருகிற அன்றைக்கு மட்டும் எல்லாரும் அடைத்துக்கொள்வார்கள்.

காது ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் குக்கர் விசில் போயிற்று. அப்புறம் என் ஆட்டோ ஹாரன். அப்புறம் வீட்டில் பேசுகிற பேச்சு. நாராயணம்மா அக்கா, அதாவது அவர் சம்சாரம், அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் லைட் சுவிட்சை இரண்டு தரம் தட்டுவார். கரண்ட் இல்லாத நேரத்தில் எழுந்து போய்த் தோளைத் தொட வேண்டியதுதான்.

"கல்யாணம் ஆன புதுசுல கூட இந்த மனுசன நான் இத்தன தடவ தொட்டதில்ல" என்று அக்கா என்னிடம் ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லி முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கம்பெனியில் இது யாருக்கும் தெரியாது. தெரியாமல் வைத்துக்கொள்ள அங்கே வழி இருக்கிறது. பிரஸ் ஷாப்பில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. மேலதிகாரி வந்து வாயை அசைத்தால், "சரிங்க சார்" என்று தலையை ஆட்டுவார்கள். அவர் போன பிறகு பக்கத்து மெஷின்காரரிடம் 'என்ன சொன்னான்' என்று கையால் கேட்டுக்கொள்வார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் காது பரிசோதனை செய்ய வேன் வரும். கண்ணாடி அடைத்த அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, 'பீப்' என்று கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். அண்ணனுக்கு எங்கே பீப் கேட்டது? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெக்னீஷியன் பெண்ணின் முழங்கை அசையும்போதெல்லாம் அழுத்தினார். பாஸ் ஆகிவிட்டார். ஷாப்பில் பாதிப் பேர் அப்படித்தான் பாஸ் ஆகிறார்கள்.

எதற்கு இந்தத் திருட்டுத்தனம் என்றால், எல்லாம் கோபிக்காக. ஒரே பையன். அதே கம்பெனியில் அஞ்சு வருஷமாகக் கான்ட்ராக்ட். பர்மனென்ட் ஆளுக்கு ஒரு நிறச் சட்டை, கான்ட்ராக்டுக்கு வேறு நிறம். கேன்டீனில் வரிசை கூட வேறு. ஒரு பர்மனென்ட் ஆள் எந்தக் குறையும் இல்லாமல் வேலையை முடித்துக்கொண்டு போனால் அவர் பிள்ளையை எடுத்துக்கொள்வது அந்தக் கம்பெனியில் எழுதாத வழக்கம். நடுவில் 'அன்ஃபிட்' என்று அனுப்பப்பட்டவருக்கு அந்த வழக்கம் கிடையாது. வேப்பனப்பள்ளியில் கோபிக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். அனுப்ரியா என்று பேர். மாந்தோப்பு வைத்திருக்கிற வீடு. பெண்ணின் அப்பா ஜாதகம் கூடக் கேட்கவில்லை. "பையன் பர்மனென்டா, கான்ட்ராக்டா?" என்றுதான் கேட்டார். பர்மனென்ட் ஆனதும் பேசிக்கொள்ளலாம் என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

இப்போது ஆம்ப்ளிஃபையருக்கு வருகிறேன். எல்லாக் கழுத்தறுப்புக்கும் அதுதான் ஆரம்பம்.

கம்பெனிக்குப் போவதற்கு முன்னால் அண்ணன் ஒரு மைக் செட்காரரிடம் மரம் ஏறுகிற வேலை பார்த்தார். மாரியம்மன் பண்டிகைக்குப் புளியமரத்தின் உச்சியில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது. கீழே பந்தலில் சின்னதாக ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் இருக்கும். டிரான்சிஸ்டர் கிடையாது, கண்ணாடிக் குமிழ் போன்ற வால்வுகள், உள்ளே சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும். அதிலிருந்து போகிற பாட்டு அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும். அந்த வயதில் அவர் மனதில் ஒன்று பதிந்துவிட்டது. மற்ற செட்டில் நூறு வாட் என்று போட்டிருந்தால் அது வெறும் எழுத்து. வால்வில் எட்டு வாட் என்றால் ஊரே எழுந்து உட்காரும். இதில் இருக்கிற தப்பு எனக்கே ரொம்பப் பின்னால்தான் புரிந்தது. ஊர் முழுக்கக் கேட்டது அந்த ஆம்ப்ளிஃபையரால் அல்ல, குழாயால். துளி கொடுத்தாலும் குழாய் கத்தும். எல்லா ஸ்பீக்கரும் அப்படி இல்லை.

வீட்டில் அண்ணன் தானே ஒரு எட்டு வாட் வால்வு செட் செய்து வைத்திருந்தார். வால்வுகள் பெங்களூரு எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக் கடைகளில் வாங்கியவை. டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பி சுற்றியது அவரே. அதற்கு ஜோடி, ஏதோ மூடிப்போன சினிமாக் கொட்டகையிலிருந்து வந்த பெரிய காகித ஸ்பீக்கர் ஒன்று, அதைச் சுற்றி மெல்லிய பிளைவுட் பெட்டி. அந்த ஸ்பீக்கரும் குழாய் மாதிரிதான், கொஞ்சம் கொடுத்தாலே போதும். ஞாயிற்றுக்கிழமை பகலில் போடுவார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாக இருக்கும். நான் வண்டி துடைத்துக்கொண்டே வெளியில் நின்று கேட்டிருக்கிறேன்.

அவர் எப்படிக் கேட்பார் தெரியுமா? பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். பிரஸ் ஷாப் ஆட்களுக்கு அது பழக்கம். மெஷினின் உடம்பில் கையை வைத்தால் அடி சரியாக விழுகிறதா, பேரிங் போகப்போகிறதா என்று கை சொல்லிவிடும். பிளைவுட் பெட்டி பாட்டுக்கு ஏற்றபடி அதிரும். அந்த அதிர்வு கை வழியாக ஏறி, காதில் மிச்சமிருக்கிற கொஞ்சத்தோடு சேர்ந்து, அவருக்குப் பாட்டாக ஆகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவார். பார்க்கிறவர்களுக்கு, ஆஹா என்ன ரசனை என்று தோன்றும்.

கம்பெனிக்குப் புதிதாக ஒரு பிளான்ட் ஹெட் வந்தார். கிரீஷ் என்று பேர், பெங்களூருக்காரர், பாகலூர் ரோட்டில் கேட் போட்ட வில்லாவில் குடி. அவருக்கு இந்த ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் பைத்தியம் உண்டு. கோபி கான்ட்ராக்ட் ஆள் என்பதால் ஆபீஸ் மேஜை நாற்காலி நகர்த்துவதற்கும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப் போன இடத்தில் அப்பா செய்த செட்டைப் பற்றி இவன் வாயை விட்டிருக்கிறான், போட்டோவையும் காட்டியிருக்கிறான். மறுநாள் பிளான்ட் ஹெட் நேராகப் பிரஸ் ஷாப்புக்கே வந்துவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு பிளான்ட் ஹெட் கங்கப்பன் பக்கத்தில் நின்று பேசியது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் இருநூறு டன் இறங்கிக்கொண்டிருக்கிறது, அவர் கையை அகட்டிக் காட்டி என்னென்னவோ பேசுகிறார், அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறார். அவர் போன பிறகு பக்கத்து மெஷின்காரரைக் கேட்டால், அவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணன் சொன்னது இதுதான். "நாராயணீ, சாரு என் ஆம்ப்ளிஃபையரக் கேட்டாரு. புதுசா ஒண்ணு செஞ்சு குடுத்துட்டா கோபி வேல முடிஞ்ச மாதிரிதான்."

"அவரு கேட்டாரா, நீயா நெனச்சுக்கினியா?" என்று அக்கா கேட்டார். அண்ணன் அதற்கும் தலையை ஆட்டினார்.

அதன் பிறகு அந்த வீட்டில் விடுமுறை என்பதே இல்லாமல் போயிற்று. ஷிஃப்ட் முடிந்து வந்தால் சாப்பாடு, பிறகு ஸால்டரிங் குச்சி. பார்ப்பதற்கு அழகாக இருக்க வேண்டும் என்று தேக்குக் கட்டையில் அடிப்பலகை செய்தார். கோபி கூட ஒருநாள், "நைனா, அவங்க வீட்ல இன்னா ஸ்பீக்கர் கீதுன்னு கேட்டுக்கினியா?" என்று காதுக்குப் பக்கத்தில் கத்திக் கேட்டான். "எந்த ஸ்பீக்கரா இருந்தா இன்னாடா, வால்வு தள்ளிக்கினு போகும்" என்றார். அந்த நம்பிக்கையைப் பார்த்து எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது என்பதுதான் கொடுமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் என் ஆட்டோவில் அதை ஏற்றினோம். டிரான்ஸ்ஃபார்மர் கனம், சிமெண்டு மூட்டை தூக்குவது போல இருந்தது. கோபிக்கு ஷிஃப்ட், அதனால் நானும் அண்ணனும் மட்டும் போனோம். அக்கா அண்ணனுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதி வைத்து அனுப்பினார். வில்லா கேட்டில் செக்யூரிட்டி என்னை வெளியே நிற்கச் சொன்னான். தூக்க ஆள் வேண்டும் என்று கன்னடத்தில் இரண்டு போடு போட்ட பிறகு விட்டான்.

ஹாலில் இரண்டு ஸ்பீக்கர் நின்றன. என் நெஞ்சு உயரம், கறுப்பு, பார்த்தாலே வெளிநாடு என்று தெரியும். கிரீஷ் சார் நல்ல மாதிரியாகத்தான் வரவேற்றார். செட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், தேக்கைத் தடவினார். பிறகு, "எட்டு வாட்தானே இது? நான் அன்னைக்கே சொன்னேனே கங்கப்பா, என் ஸ்பீக்கர் நாலு ஓம், தும்ப ஹெவி, ரொம்பப் பவர் இழுக்கும், எட்டு வாட் பத்தாது, பெருசா செய்ய முடியுமான்னு. சரி சரின்னு தலையாட்டினீங்களே" என்றார்.

"சரிங்க சார்" என்றார் அண்ணன், சிரித்துக்கொண்டு.

பிரஸ் ஷாப்பில் அன்றைக்குச் சார் கையை அகட்டிக் காட்டியது இதைத்தான். கிரீஷ் சார் தோளைக் குலுக்கிக்கொண்டு வயரை மாட்டி, ஒரு பெண் பாடுகிற பாட்டைப் போட்டார். சத்தம் குறைவாக வைத்திருந்த வரைக்கும் அமிர்தமாக இருந்தது. அந்தப் பெண் எதிரில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. சார் கூடக் கண்ணை மூடிக்கொண்டார். இது பலித்துவிட்டது, கோபிக்கு வேலை ஆகிவிட்டது என்று நான் நினைத்தேன்.

அண்ணன் மெதுவாகப் போய் ஸ்பீக்கர் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். வைத்தவர் முகம் மாறியது. கையை மேலே கீழே நகர்த்திப் பார்த்தார். நானும் பிறகு தொட்டுப் பார்த்தேன். அந்தப் பெட்டி கருங்கல் மாதிரி இருந்தது, அசைவே இல்லை. பெட்டி அதிரக் கூடாது என்பதற்காகவே இப்படிக் கனமாகச் செய்கிறார்கள் என்று கிரீஷ் சார் பெருமையாகச் சொன்னார். அவருக்கு அது பெருமை. அண்ணனுக்கு அந்தப் பெட்டி ஊமை.

"ஏத்துங்க சார்" என்றார் அண்ணன். சார் கொஞ்சம் ஏற்றினார். கையில் ஒன்றும் வரவில்லை. "இன்னும் ஏத்துங்க சார், வால்வு தாங்கும்."

ஏற்ற ஏற்ற அந்தப் பெண்ணின் குரல் கிழிய ஆரம்பித்தது. என் ஆட்டோவின் பின்னால் கிரானைட் கல் ஏற்றிய டிரெய்லரைக் கட்டி மேட்டில் ஏறச் சொன்னால் என்ன ஆகும்? எஞ்சின் உயிரை விடும், டிரெய்லர் நகராது. அந்த எட்டு வாட் அந்தக் கறுப்புப் பெட்டிகளிடம் அப்படித்தான் மாட்டிக்கொண்டது. பாட்டு போய், தகரத்தில் ஆணியை இழுக்கிற சத்தம் வந்தது. உள்ளேயிருந்து கிரீஷ் சாரின் சம்சாரம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடி வந்து, "ரீ, சாக்கு மாடி" என்றார், போதும் நிறுத்துங்கள் என்று. எனக்கே பல் கூசியது. அண்ணன் மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பெட்டியில் கையை வைத்துக்கொண்டு, "இப்பதான் சார் வருது, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சார் சத்தத்தைக் குறைக்கவில்லை, சுத்தமாக நிறுத்திவிட்டார். ஹால் அமைதியாகிவிட்டது. அண்ணன் அப்போதும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

கிரீஷ் சார் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது, அவருக்கும் புரிந்துவிட்டது என்று. மெதுவாக நடந்து போய் அண்ணனுக்குப் பின்னால், கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றார். நாம் இப்போது பேசுகிற மாதிரி சாதாரணக் குரலில் கேட்டார்.

"கங்கப்பா, உங்க பையன் கோபிக்கு நாளைக்கே பர்மனென்ட் ஆர்டர் போட்டுடட்டுமா?"

அண்ணன் திரும்பவில்லை. எத்தனை வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கிடந்த மனுஷன். ஒரு ஆளுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க ஆயிரம் வழி இருக்கிறது. தட்டைக் கீழே போடலாம், கையைத் தட்டலாம். அந்தாள் இதை எடுத்துக் கேட்டான். நான் போய் அண்ணனின் தோளைத் தொட்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், சார் முகத்தில் எதிர்பார்ப்பு இருப்பதைப் பார்த்தார்.

"சரிங்க சார்" என்றார்.

செட்டை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது என் சீட்டின் ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "மாதேசு, சாரு கோபியப் பத்தி எதனா சொன்னாரா?" என்று கேட்டார். பாகலூர் ரோட்டில் லாரி மேல் லாரி. நான் எதைக் கத்துவது, எப்படிக் கத்துவது? தலையை ஆட்டினேன். "எனக்குத் தெரியும்" என்று தொடையைத் தட்டிக்கொண்டார்.

அந்த வாரமே அவரைக் கம்பெனி காரில் ஏற்றி பெங்களூரில் ஒரு லேபுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே பார்ப்பதற்கு முழங்கை கிடையாது. கண்ணாடிக்குத் திரை போட்டிருந்தார்கள். இரண்டு காதும் போய்விட்டது என்று ரிசல்ட் வந்தது.

வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அக்கா அடுப்பு பற்றவைக்கவில்லை. அப்போதுதான் கருப்பசாமி வந்தான். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து அதே ஷாப்பில் வேலை பார்க்கிறவன், யூனியனில் இருக்கிறவன். "அண்ணே, அழுகாதிக. இது மெசினு சத்தத்துல போன காது. சட்டம் இருக்கு. கம்பெனி நஷ்டஈடு குடுத்தே ஆகணும், ஒங்களுக்கு மட்டுமில்ல, நம்ம ஷாப்புல அத்தன பேருக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுவோம். விட்றாதிக" என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னான். அண்ணன் ஒருத்தர் ஜெயித்தால் பின்னாலேயே ஐம்பது பேர் வரிசையில் நிற்பார்கள். கம்பெனிக்கு அதுதான் பயம்.

ஒரு விசாரணை வைத்தார்கள். அதில் என்ன நடந்தது என்று கோபி என் ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து சொன்னான். மத்திகிரி பஸ் ஸ்டாப்பில், பட்டப்பகலில், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

அப்பாவுக்குக் கேட்காது என்பதால், டாக்டர் கேட்கிற கேள்வியை அவர் காதில் சொல்வதற்கு மகனையே கூப்பிட்டார்கள். முந்தின நாள் கிரீஷ் சார் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார். உட்கார வைத்து, டீ கொடுத்து, "கோபி, உங்க அப்பாவுக்கு வீட்ல ஒரு ஹாபி இருக்கு. அதனாலயும் காது போயிருக்கலாம். டாக்டர் கேப்பாரு. நீ பாத்து நடந்துக்க. உன் ஆர்டர் டைப் ஆகி ரெடியா இருக்கு" என்றாராம்.

மறுநாள் டாக்டர் கேட்டார், வீட்டில் பாட்டு கேட்பீர்களா என்று. கோபி அதைக் காதில் கத்தினான். அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அவருடைய ஆம்ப்ளிஃபையரைப் பற்றிக் கேட்கிறார்களே. "தெனமும் கேப்பேன் சார். நானே செஞ்சது. எட்டு வாட்டுதான், ஆனா ஊருக்கே கேக்கும். நல்லா சத்தமா வெச்சுத்தான் கேப்பேன்." ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுகிறவர், பெருமையில் தினமும் என்று சொல்லிவிட்டார். டாக்டர் எழுதிக்கொண்டார்.

அடுத்த கேள்வி. வீட்டில் அதிகச் சத்தத்தில் பாட்டு கேட்டதால்தான் காது கெட்டது, கம்பெனி வேலையால் இல்லை என்று ஒப்புக்கொள்கிறீர்களா?

"நான் அதக் கேக்கலண்ணா" என்றான் கோபி.

"பின்ன இன்னாடா கேட்ட?"

"சாரு வீட்ல உன் செட்டு நல்லா பாடுச்சான்னு கேக்கறாங்க நைனா-ன்னு கேட்டேன்."

அண்ணன் எழுந்து நின்று, கிரீஷ் சாரைப் பார்த்துக் கும்பிட்டு, "ஆமாங்க சார், ஆமா" என்றாராம். கோபி கத்தியது அந்த அறையில் எல்லாருக்கும் கேட்டிருக்கும், ஆனாலும் அதையும் எழுதிக்கொண்டார்கள். கடைசியில் கையெழுத்து வாங்கினார்கள். இங்கிலீஷில் இருந்த அதை மகன் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் போட்டுக் கொடுத்தார்.

ஒரு அறை விட்டிருப்பேன், ஆனால் அவன் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தான். இருநூறு டன் பிரஸ் இருபத்தாறு வருஷம் தலைமாட்டில் இடித்தும் கெடாத காது, எட்டு வாட்டில் கெட்டுப்போயிற்றாம். அதைச் சொன்னது யார்? எட்டு வாட் தன் ஸ்பீக்கருக்கே பத்தாது என்று தன் வாயாலேயே சொன்ன அதே ஆள். அவருக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும். தெரிந்துதான் செய்தார். கோபியைத் திட்டலாம் என்றால், வாசலில் கான்ட்ராக்ட் சட்டை காய்ந்துகொண்டிருக்கிற வீட்டுப் பையனை எந்த வாயால் திட்டுவது?

அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நஷ்டஈடு என்கிற பேச்சே எடுபடவில்லை. கருப்பசாமி அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான். அவரே பாட்டு கேட்டுக் காது போனது என்று ஒப்புக்கொண்ட பிறகு மற்றவர்கள் எந்த முகத்தோடு போய்க் கேட்பார்கள்? கங்கப்பன் மகனுக்காக ஷாப்பையே விற்றுவிட்டான் என்று டீக்கடையில் பேசினார்கள். அவர் இருக்கும்போதே, அவருக்குப் பக்கத்திலேயே பேசினார்கள். அவர் அவர்களைப் பார்த்துச் சிரித்துத் தலையை ஆட்டினார்.

கோபிக்கு ஆர்டர் வந்தது. வந்த அன்றைக்கு அண்ணன் சந்து முழுக்க மைசூர் பாகு கொடுத்தார். "பாத்தியா மாதேசு, நான் இன்னா சொன்னேன்? ஆம்ப்ளிஃபையர்தான் வாங்கிக் குடுத்துச்சு. வேலை போனா போவுது, எனக்கு வயசாச்சு. அந்த சாரு தங்கமான மனுசன்" என்றார். கிரீஷ் சாருக்கும் ஒரு டப்பா கொடுத்துவிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார். போனேன். அந்தச் செட் ஹாலில் ஒரு அலமாரியில் இருந்தது. வால்வுகள் எரிந்துகொண்டிருந்தன, ஸ்பீக்கர் வயர் அதில் இல்லை. கீழே இருந்த வேறு பெரிய ஆம்ப்ளிஃபையரில் போயிருந்தது. அழகுக்கு எரிகிறது என்று வேலைக்காரம்மா சொன்னார். டப்பாவை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை.

போன மாதம் வேப்பனப்பள்ளியிலிருந்து பெண் வீட்டார் நிச்சயம் பேச வந்தார்கள். அனுப்ரியாவின் அப்பா பெரிய கூடையில் மாம்பழம் கொண்டுவந்தார். இந்தத் தடவை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாப்பாடு முடிந்ததும், சம்பந்திக்குக் காட்ட வேண்டும் என்று அண்ணன் வீட்டுச் செட்டைப் போட்டார். பிளைவுட் பெட்டி அதிர்ந்தது. எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, பெட்டியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நாராயணம்மா அக்கா கதவோரம் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பெண் வீட்டார் காற்றுக்காக வாசலுக்கு எழுந்து போனார்கள். கோபி புதுச் சட்டையோடு அப்பாவுக்குப் பின்னால் வந்து நின்றான். கைக்கெட்டுகிற தூரம்தான். நாம் பேசுகிற மாதிரி சாதாரணக் குரலில் சொன்னான்.

"நைனா, அன்னிக்கு அவங்க கேட்டது வேற. நான்தான் மாத்திக் கேட்டேன். என்ன மன்னிச்சிடு நைனா."

அண்ணன் திரும்பவில்லை.

"முன்னாடி போய்ச் சொல்லுடா. தோளத் தொட்டுச் சொல்லு" என்றேன் நான். கோபி கையை அப்பாவின் தோள் வரைக்கும் கொண்டுபோனான். பிறகு இறக்கிக்கொண்டு, சம்பந்திகள் இருந்த வாசல் பக்கம் போய்விட்டான்.

அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கையைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை.

"மாதேசு, சத்தம் பத்துதா? எல்லாருக்கும் கேக்குதா?"

நான் தலையை ஆட்டினேன்.